கறுவாவை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை

மகன்,

கட்டடக் கொமிற்றியின் கடிதத்தை உனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டிய அன்று நீ, "அம்மா, பேசாம அந்த நாயக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்திடுங்கோ. நல்லாப் பழகிறதுக்கு முன்னம் குடுத்தா அதுக்கும் கவலையில்ல, உங்களுக்கும் கவலையில்ல" என்றாய். நான் "பாப்பம்" என்றேன். விருப்பமில்லாத எதற்கும் நான் அப்படித்தான் சொல்வேன் என்பது உனக்குத் தெரியும். "கதவப் பூட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டாய். மெல்பேர்னுக்குப் போன நாளிலிருந்து ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் நீ அதைக் கேட்கிறாய். அந்தக் கேள்விக்கு நான் தரவேண்டிய பதில் ஒன்று பதினொரு வருடமாகப் பாக்கி நிற்கிறது. அதற்காகவும் இந்தக் கடிதம்.

கொமிற்றி ஒரு மாதம் தந்திருந்தது. நாய் தனியே இருக்கும்போது போடும் சத்தம் அதற்குள் நிற்காவிட்டால் அதை அகற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த மாதம் நேற்றுடன் முடிந்தது. என்ன நடந்தது என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன். எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுவது ஏன் என்று கேட்பாய். நான் செய்த பிழையை இந்த ஊரில் நான் மட்டும் செய்யவில்லை. அதனால்தான்.

நீ பெப்ரவரியில் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. அப்பா டோஹாவிலிருந்து வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி, கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பார்க்கும் ஓர் இடத்துக்குப் போனேன். குட்டிகள் எல்லாம் கம்பிவலையில் வந்து தொங்கின. இவள் மட்டும் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கறுவாப்பட்டையின் நிறம் (பெயரும் அதிலிருந்துதான் வைத்தேன்), ஒரு காதில் வெட்டு. கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் மதிலோரம் காலில் காயத்துடன் கிடந்தவளாம். அங்கே பொறுப்பாக இருந்த பெண் சிங்களத்தில் என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள்: இவளை இரண்டு வீட்டுக்காரர் கொண்டுபோய் இரண்டு பேருமே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள், மிஸ், மூன்றாம் தரமும் திரும்பி வந்தால் இனி மனிதர்களிடம் போவாளோ தெரியாது. நான் கையெழுத்துப் போட்டேன். எதிலும் இரண்டு நாள் யோசிக்கிற நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் போய் நுழைந்துகொண்டாள். மூன்று நாள் அங்கேதான். பக்கத்து வீட்டில் ஒருத்தி, கயிறு போட்டு வெளியே இழுங்கோ, நாய்க்கு ஆர் பெரிசு என்று தெரிய வேணும் என்றாள். நான் இழுக்கவில்லை. விதிகள் தெரியாத இடத்துக்குள் வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள் நான். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள். முதல் வாரம் கன்ரீனுக்குள் போகத் தெரியாமல், எங்கே காசு கொடுப்பது, எங்கே தட்டை வைப்பது என்று யாரிடமும் கேட்கவும் கூச்சப்பட்டு, படிக்கட்டில் இருந்து பாணும் சம்பலும் தின்றேன். ஒரு பெண் வந்து ஒன்றும் கேட்காமல் இரண்டு படி தள்ளி இருந்து தன் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நானாகத்தான் அவளுக்குச் சம்பலை நீட்டினேன். அதனால் மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் இருந்து புத்தகம் வாசித்தேன். பக்கத்தில் அவித்த சாளை மீனும் பூசணிக்காயும் பிசைந்த சோறு. நான்காம் நாள் பின்னேரம் என் முழங்கையில் ஈரமாக ஒரு மூக்குப் பட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, மகன். பக்கத்தைப் புரட்டினேன். என்ன வாசித்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. வீடு கூட்டும் தும்புத்தடியைக் கண்டால் சிறுநீர் போய்விடும் அவளுக்கு. அதனால் ஒரு வாரம் தும்புத்தடியை நிலத்தில் கிடத்தி, அதன்மேல் பிஸ்கட் துண்டு வைத்தேன். கடலோரம் ரயில் போனால் நம் யன்னல் கண்ணாடி அதிரும் அல்லவா, அதற்கும் நடுங்கினாள். ரயில் வரும் சத்தம் தூரத்தில் கேட்டதும் ஒரு துண்டு அவித்த ஈரல் கொடுக்கத் தொடங்கினேன். இப்போது தெஹிவளைப் பக்கம் ரயில் கூவும்போதே குசினி வாசலில் வந்து இருந்து என் கையைப் பார்க்கிறாள். உனக்கு ஒரு நாள் பிள்ளையோ நாயோ வந்தால் இதை நம்பி வைத்துக்கொள்: பயத்தைத் திட்டித் துரத்த முடியாது. பயம் வருகிற அதே நேரத்தில் நல்லதொன்றும் வந்துகொண்டிருந்தால் அது தானாகவே இளகும். எனக்கு நன்றாகத் தெரிந்த சில விஷயங்களில் இது ஒன்று.

தெரியாமல் பிழை விட்டது வேறு இடத்தில். முதல் இரண்டு கிழமையும் வீட்டிலிருந்தே அலுவலக வேலையைச் செய்தேன். பிறகு அலுவலகம் போகவேண்டிய முதல் நாள், அவளுக்குச் சோற்றுக் கோப்பையை வைத்து, அவள் தலை குனிந்து தின்னும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். பின்னேரம் வந்தால் கீழே காவலுக்கு நிற்கும் அய்யா சிங்களத்தில், "பல்லா உதே இந்தலா அண்டனவா, மிஸ்" என்றார். காலையிலிருந்து நாய் அழுகிறது என்று. கதவின் உட்பக்கம் மரம் சிராய் சிராயாகக் கிடந்தது. கறுவா நனைந்தவள்போல் எச்சில் வடிந்து நின்றாள். அடுத்த நாளும் அப்படியே ஒளித்துத்தான் போனேன். ஐந்தாம் நாள் கொமிற்றியின் கடிதம் வந்தது.

கறுவாவைத் தந்த அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "ஒளிச்சுப் போனீங்களா மிஸ்?" என்று சிரித்தாள். அப்படிப் போனால் நாய் உங்களிலிருந்து கண்ணை எடுக்கவே பயப்படும், தின்னும்போதுகூடப் பயப்படும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு உன் மொண்டிசூரிப் பள்ளி ஞாபகத்துக்கு வந்தது. உனக்கு அப்போது மூன்றரை வயது, எனக்கு இருபத்தைந்து. ஆசிரியை உன் கையில் மரக்கட்டைகளைத் தருவார், நான் பின் கதவால் போய்விடுவேன். இரண்டு மாதம் நீ கட்டைகளைத் தொடவே இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாயாம். பிள்ளை விளையாட்டில் விருப்பமில்லாதவன் என்று ஆசிரியை சொன்னார். நானும் நம்பினேன்.

அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு மூன்று கிழமை லீவு எடுத்தேன். வேலை இதுதான்: அலுவலகப் பையைத் தோளில் போடுவேன், கதவுத் திறப்பை எடுப்பேன், செருப்பைப் போடுவேன், பிறகு கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பேன். ஒரு நாளில் முப்பது நாற்பது தரம். திறப்புச் சத்தத்துக்குத் துள்ளி எழும்பியவள் நான்காம் நாள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். பிறகு அவள் பார்க்கப் பார்க்கக் கதவைத் திறந்து வெளியே போய், ஐந்து எண்ணி உள்ளே வருவேன். கொஞ்சுவதும் இல்லை, சமாதானம் சொல்வதும் இல்லை. பிறகு பத்து. பிறகு ஒரு நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு வந்தபோது கதவுக்கு வெளியே நிற்கக் கால் வலித்தது. படிக்கட்டில் இருந்து தொலைபேசியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் மாடி ஹாஜியார் பள்ளிவாசலுக்குப் போக இறங்கி வந்தார். லிஃப்ட் நம் மாடி வரைக்கும்தான் வரும் என்பதால் அவர் எப்போதும் நம் கதவைத் தாண்டித்தான் போய்வருவார்.

ஹாஜியாரைக் கண்டதும் எழும்பி வழி விட்டேன். முறைப்பாடு கொடுத்தது அவராகத்தான் இருக்கும் என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன். முஸ்லிம்கள் நாயை விரும்ப மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பத்து வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தும் அவரிடம் ஒரு சொல் கேட்டுப் பார்த்ததில்லை, சிரித்துவிட்டுப் போவதோடு சரி.

"என்ன மகள், திறப்ப உள்ளுக்கு வெச்சிட்டுப் பூட்டிட்டீங்களா?" என்றார்.

"இல்ல ஹாஜியார். நாயப் பழக்கிறன்."

"நாய் உள்ளுக்கு, நீங்க வெளியில. அப்ப ஆரு ஆரப் பழக்குற?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழுவதையும் சொன்னேன்: கொமிற்றிக் கடிதம், ஒரு மாதம், ஐந்து நிமிடம். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"நான் ஒண்டு செல்லவா? கோவிக்கப்படாது. நாய் ஈக்கிறது எனக்குப் பிரச்சினை இல்ல. லிஃப்டுக்குள்ள அதுட வாய் என்ட உடுப்புல பட்டா, நான் திரும்ப மேல போய்க் கழுவி, உடுப்பு மாத்தி, கை கால் கழுவி உளு எடுத்துத்தான் தொழப் போக வேணும். முழங்கால் ரெண்டும் ஏலாது மகள். அதுதான்."

அவ்வளவுதான் அவருடைய பிரச்சினை. அன்றைக்கே தொழுகை நேரங்களை ஒரு தாளில் எழுதிப் ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அந்த நேரங்களுக்கு முன்னும் பின்னும் அரை மணித்தியாலம் கறுவா லிஃப்டுக்குள் போவதில்லை. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்து அவராகவே, "லிஃப்ட் நம்மளுக்கு எண்டே காலியா ஈக்குது. பாத்துக்கிட்டுத்தான் ஈக்கிறன்" என்றார். அதற்குப் பிறகு அவர் என் கதவைத் தாண்டும்போதெல்லாம் காது கொடுக்கத் தொடங்கினார். நான் படிக்கட்டில் இருந்தால் கணக்கு ஒப்புவிப்பார். "லுஹர் தொழுகைக்குப் போகக்குள்ள ஒரு முனகல். வரக்குள்ள ஒண்டுமில்ல." "அஸருக்கு மூச்சுமில்ல மகள், உசிரோட ஈக்குதா பாருங்க."

எல்லாம் நேராகப் போனது என்று நினைக்காதே. லீவு முடிகிறதே என்ற அவசரத்தில் இருபது நிமிடத்திலிருந்து ஒரேயடியாக இரண்டு மணித்தியாலத்துக்குத் தாவினேன். கொட்டாஞ்சேனைக் கோயிலில் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். வந்தால் அவள் முன்காலில் நகம் பிளந்து இரத்தம். கதவில் புதுக் கீறல்கள். அன்றைக்கு மருந்து போட்டுக்கொண்டே உன் சொல்லை நினைத்தேன். நாளைக்கே கொண்டுபோய் விட்டால் என்ன என்று ஒரு மணித்தியாலம் உண்மையாகவே யோசித்தேன். அவள் என் மடியில் காலை வைத்தபடி, கட்டுப் போட விட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் சுவரைப் பார்த்தாள். நான் முதலில் அவளைப் பார்த்தபோது பார்த்துக்கொண்டிருந்தாளே, அதே மாதிரி. அடுத்த நாள் காலையில் மறுபடியும் ஐந்து எண்ணுவதிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் முறை வேகமாக வந்தது. ஒன்பதாம் நாள் நான் கிருலப்பனை வரைக்கும் நடந்து போய்த் திரும்பினேன். அவள் உன் அறை வாசலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். லீவு முடிந்து அலுவலகம் போன நாட்களிலும் அப்படித்தான்.

நேற்றுக் காலை கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டுக் கூட்டம். கொமிற்றிச் செயலாளர் நேசன் அங்கிள் தடித்த டயரியோடு வந்திருந்தார். முறைப்பாடு அவருடையது, எங்கள் தமிழ் ஆள்தான். "எனக்கு நாயில கோவமில்ல," என்றார். "ஆனா நான் ஒவ்வொரு நாளும் குறிச்சு வச்சிருக்கிறன். எத்தினை மணிக்குத் தொடங்கினது, எத்தினை மணிக்கு நிண்டது எண்டு." பக்கங்களைப் புரட்டி வாசித்தார். எல்லாம் உண்மை. ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

ஹாஜியார் பின்வரிசையிலிருந்து, "நேசன், அதுல கடைசியா எழுதின நாள் எது?" என்று கேட்டார்.

நேசன் அங்கிள் பார்த்தார். இரண்டு கிழமைக்கு முந்தியது.

"அதுக்குப் பிறகு?"

"பிறகு எழுத ஒண்டும் வரேல்ல" என்றார் நேசன் அங்கிள், அதை அப்போதுதான் கவனித்தவர்போல.

"நான் ஒரு நாளைக்கு அஞ்சு நேரம் அந்தக் கதவத் தாண்டிப் போற. போகவும் கேட்கிற, வரவும் கேட்கிற. அந்த வீட்டு டீவிச் சத்தம்தான் கூட."

சிரித்தார்கள். பிறகு நான் எழும்பினேன். இந்தக் கட்டடத்தில் பத்து வருடமாகக் கூட்டத்தில் வாய் திறக்காதவள். தொடக்கத்தில் நடந்தது முழுவதும் என் பிழை, சத்தத்தால் பகல் நித்திரை குழம்பினவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் நாயை நான் கொடுக்க மாட்டேன், அவளை எப்படித் தனியே இருக்கப் பழக்கினேன் என்று பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம் என்றேன். நேசன் அங்கிள் டயரியை மூடினார். "சரி. இருக்கட்டும். லிஃப்டுக்குள்ள மயிர் கிடந்தா மட்டும் திரும்ப எழுதுவன்" என்றார். கறுவா இருக்கிறாள், மகன்.

இனி, அவளைத் திருப்பிக் கொடுக்க என்னால் ஏன் முடியவில்லை என்பது. உனக்கு ஒன்பது வயது. நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தோம். கோயில் வளவில் கிடந்த ஒரு கறுப்புக் குட்டியைப் பால்மாப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தாய். என் அப்பா சொன்ன துறைமுகக் கதைகளைக் கேட்டுக்கேட்டு அதற்குக் கப்பல் என்று பெயர் வைத்தாய். மூன்று கிழமை இருந்தது. வீட்டுக்காரரின் சப்பாத்தைக் கடித்தது. அவர் இரண்டு தரம் வந்து நின்றார். வாசலில் ஒருவர் நின்று குரலை உயர்த்தினால் அப்போது எனக்குக் கை கால் ஓடாது. நீ பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு வியாழக்கிழமை, அதே பெட்டியில் அதை வைத்து ஓட்டோவில் பேலியகொடை மீன் சந்தைக்குக் கொண்டுபோய் இறக்கினேன். மீன் சந்தையில் விட்டால் சாப்பாட்டுக்குக் குறையிருக்காது என்று நம்மவர்கள் சொல்வார்கள். நானும் அதைச் சொல்லிக்கொண்டேதான் போனேன். பெட்டியை வைத்துவிட்டு, அது மீன் செதிலை முகர்ந்துகொண்டிருந்த நேரம் பார்த்துத் திரும்பினேன். அங்கேயும் ஒளித்துத்தான்.

நீ வந்ததும், வாசல் கேற் திறந்து கிடந்தது, குட்டி ஓடிவிட்டது என்றேன். மூன்று நாள் ஒவ்வொரு ஒழுங்கையாகப் போய்க் கப்பல், கப்பல் என்று கூப்பிட்டாய். மூன்றாம் நாள் பின்னேரம் வந்து படியில் இருந்து, "நான்தான் அம்மா. காலம கேற்றச் சரியாப் பூட்டாமப் போயிட்டன்" என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் தலையைத் தடவினேன். நீ வேறு யாரையும் குறை சொல்லாததில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அதை எழுதத்தான் இவ்வளவு நாளும் கை வரவில்லை. அதற்குப் பிறகுதான் நீ எந்தக் கதவையும் இரண்டு தரம் இழுத்துப் பார்க்கத் தொடங்கினாய். அப்பா உன்னை "பாங்க் செக்யூரிட்டி" என்று பகிடி பண்ணுவார். நானும் சிரிப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெப்ரவரியில் நான் உன்னை வழியனுப்பக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வராதது அலுவலகத்தில் லீவு தராததால் அல்ல. மூன்று கிழமை லீவு அப்படியே கிடந்தது. கறுவாவோடு படிக்கட்டில் செலவழித்தது அதைத்தான். நீ கண்ணாடிக் கதவுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு ஏலாது என்று நினைத்தேன். மனம் நோகாமல் பிரிகிற வழி என்று நான் இதுவரை நம்பியிருந்தது ஒளித்துப் போவதை மட்டும்தான். அதில் என் மனம்தான் நோகவில்லை.

நீ கோபப்படு. தொலைபேசியில் கோபப்படு, எழுதிக் கோபப்படு, ஒரு மாதம் கதைக்காமல் இரு. நான் இங்கே இருப்பேன், நீ எப்போது அழைத்தாலும் எடுப்பேன். டிசம்பரில் வந்து ஜனவரியில் நீ திரும்பிப் போகும்போது விமான நிலையத்துக்கு வருவேன். நீ உள்ளே போகும் வரைக்கும் நின்று பார்ப்பேன்.

டிசம்பரில் வரும்போது இப்படிச் செய். கதவைத் திறந்ததும் கறுவாவைப் பார்க்காதே, பெயர் சொல்லிக் கூப்பிடாதே. பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, உன் அறை வாசலில் நிலத்தில் பக்கவாட்டில் இரு. அவள் வருவாள், முதலில் முழங்கையில்தான் மூக்கை வைப்பாள். அதற்கு முன்னம் கதவைப் பூட்டு. ஒரு தரம் பூட்டினால் போதும், மகன். அன்றைக்கும் நீ கேற்றைச் சரியாகத்தான் பூட்டிவிட்டுப் போயிருந்தாய்.

அம்மா